பழைய செவர்லே சி-10-க்கு பவர் பிரேக்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

என் வண்டி 1966 செவர்லே சி-10 பிக்கப் டிரக், ஆறு சிலிண்டர் எஞ்சின். நான்கு வீலிலும் டிரம் பிரேக். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறைதான். எங்காவது ஒரு பைப் ஒழுகினால் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். கால் வலியை விட எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. அதனால் எஞ்சின் உறிஞ்சலில் (வேக்குவம்) வேலை செய்யும் பூஸ்டரையும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாட்டினேன். டிரம்களைத் தொடவில்லை.

முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. கிளம்பும்போது எல்லாம் சரியாக இருக்கும். இருபது நிமிடம் ஓடியதும் பெடல் இறுகிவிடும். வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். நிறுத்திவிட்டு முன் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. ஆறினால் சரியாகிவிடும், ஓட்டினால் மறுபடி அதே கதை. மெக்கானிக் மூன்று முறை பிரேக் ஷூவைத் தளர்த்திப் பார்த்தார். பயனில்லை. கடைசியில், பிரேக் பிடித்து நின்றபோது மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினோம். உடனே பிடித்திருந்த பிரேக் விட்டது!

பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போய் அதன் பிஸ்டனைத் தள்ளும் கம்பி (புஷ் ராட்) துளி நீளமாக இருந்திருக்கிறது. காலை எடுத்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே கிடந்தது. சூட்டில் விரிந்த ஆயில் போக வழியில்லாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. ராடின் நீளத்தைக் குறைத்து, பிஸ்டனுக்கும் அதற்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பிரச்சினை வரவில்லை. இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் இந்த இடைவெளியை அளந்துவிடுங்கள்.

பெடலையும் கவனிக்க வேண்டும். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடலின் நெம்புகோல் விகிதம் (கால் மிதியைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது) ஏறக்குறைய 6:1 இருக்கும். பூஸ்டர் வந்தால் 4:1 பக்கம் போதும். பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டால் கால் வெகுதூரம் இறங்கும், பிரேக்கும் சட்டென்று கவ்வும்.

பூஸ்டர் மாட்டினால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது காலின் பாரத்தைத்தான் வாங்கிக்கொள்கிறது. டயரின் பிடிப்பும் டிரம்மின் சூடு தாங்கும் அளவும் அப்படியேதான் இருக்கின்றன. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிரேக் மங்குவது இன்றும் உண்டு. நான் இன்றும் சின்ன கியரில்தான் இறங்குகிறேன். ஈரச் சாலையில் புது அபாயமும் சேர்ந்தது. டிரம் தன் சுழற்சியாலேயே ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு பூஸ்டரின் பலமும் சேர்ந்தால், பின்னால் சுமை இல்லாதபோது லேசான மிதிக்கே பின் வீல் லாக் ஆகிவிடுகிறது. என் காலுக்கு அந்த மென்மை பழக ஒரு மாதம் ஆனது.

எஞ்சினும் முக்கியம். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது (ஐடில்) என் வேக்குவம் கேஜ் 18 அங்குலம் (பாதரச அளவு) காட்டுகிறது, பூஸ்டருக்கு அது தாராளம். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பந்தய கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின் என்றால் வேக்குவம் குறைவாக இருக்கும், முதலில் இதை அளந்து பாருங்கள்.

மூன்றாம் வருடம் ஐடில் தடுமாறியது. காலையில் எஞ்சினை ஆன் செய்யும் முன் மிதித்தால் முதல் மிதியே கல்லாக இருந்தது. பூஸ்டருக்குள் வேக்குவத்தைத் தக்கவைக்கும் செக் வால்வைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது மாதம் ஒருமுறை சோதிக்கிறேன்: எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்வேன். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, பைப்பில் சேர்ந்த ஏரை எடுத்துவிடுகிறேன்.

அடுத்தது முன் வீலுக்கு டிஸ்க். அப்போது முன்பக்க லைனில் டிரம்முக்காக இருக்கும் 10 பிஎஸ்ஐ எச்ச அழுத்த வால்வைக் (காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது) கழற்ற வேண்டும். விட்டுவைத்தால் டிஸ்க் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.