மொட்டை மாடியிலிருந்து ஒரு போன்

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். இசிஜி நார்மல். டாக்டர், "டென்ஷனைக் குறைங்க" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

முதலில் ஒரு கவுன்சலிங் ஆப். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். அந்தப் பெண் கனிவானவர்தான், ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம். எனக்கு ஆபீஸ் ஆங்கிலம் வரும். அழுகிற ஆங்கிலம் வராது. வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்துச் சொல்வதற்குள் துக்கமே ஆறிப்போகிறது. 45-ஆவது நிமிடம் திரை அணைந்தது, நான் பாதி வாக்கியத்தில் இருந்தேன்.

அப்புறம்தான் 14416. மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வீடு ஒரே ஒரு படுக்கையறை, அதனால் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினேன். எடுத்தவர், "சொல்லுங்க சார், அவசரமில்ல" என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தை, கல்யாணமாகி ஒன்பது வருடமான மனைவியிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம் கொட்டினேன். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார். எனக்குப் பிடித்தது, நடுவில் நான் பேசாமல் இருந்தபோது அவரும் பேசாமல் இருந்ததுதான். கடைசியில், "வீட்ல யார்கிட்ட இத முதல்ல சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரையைக் குறைத்தது மாடிக் கொசுவுக்காக.

கீழே இறங்கியபோது அவள் விழித்திருந்தாள். "யாருகிட்ட பேசின?" என்றாள். சொன்னேன்.