வால்ஷா, கோரியலா? பாஸ் ஆட்டத்தின் இரண்டு வழிகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிந்து ஆடும் இன்றைய பாஸ் ஆட்டத்தை உருவாக்கியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் பயிற்சியாளர் பில் வால்ஷ் என்பார்கள். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கு மூன்று சூப்பர் பவுல் (ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டம்) வென்று தந்தவர் அவர். ஆனால் அதே காலத்தில் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியில் பயிற்சியாளர் டான் கோரியல் நடத்திய ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தக் கேள்வியை முடித்துவிடுவது அநியாயம்.

வால்ஷின் முறை நெருக்கடியில் பிறந்தது. சின்சினாட்டி பெங்கால்ஸில் அவர் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, நெடுந்தூரம் எறியக்கூடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கிரெக் குக்கின் தோள் காயப்பட்டது. 1970-இல் அந்த இடத்துக்கு வந்த வர்ஜில் கார்ட்டருக்குக் கைவலு குறைவு. குறி மட்டும் தப்பாது. எனவே வால்ஷ் மைதானத்தின் நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்துக்கொண்டார். குவார்ட்டர்பேக் பின்வாங்கும் அடிகளும், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஓடும் அடிகளும் ஒரே கணக்கில் அமையும். ஆறேழு யார்டு தூரத்தில் பந்தைப் பிடித்தவர் மீதியை ஓடிச் சேர்ப்பார். ஆட்டத்தின் முதல் 15 நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவதும் அவர் வழக்கம்.

கோரியலோ நீளத்தைத்தான் முதலில் பார்த்தார். யார் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பதை எண்களால் சொன்னார்: 9 என்றால் நேரே ஓடு, 8 என்றால் கோல் கம்பத்தை நோக்கி உள்ளே திரும்பு. மூன்று இலக்க எண் ஒன்று மூன்று ரிசீவர்களுக்கும் வேலை சொல்லிவிடும். தூரத்து ஆளுக்குப் பயந்து தடுப்பாட்டக்காரர்கள் பின்வாங்க, நடுவில் இடம் திறக்கும். அந்த இடத்துக்கு டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) கெல்லன் வின்ஸ்லோவை அனுப்பினார். டைட் எண்ட் என்றால் முக்கியமாக எதிரணியினரைத் தடுப்பதற்குத்தான் என்றிருந்த காலத்தில், 6 அடி 5 அங்குல உயர மனிதரை ரிசீவர்போல விலக்கி நிறுத்தியது பெரும் துணிச்சல். 1978 முதல் 1983 வரை ஆறு சீசன்களிலும் பாஸ் யார்டுகளில் சார்ஜர்ஸ்தான் முதலிடம். 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தடுக்கக் கூடாது என்று 1978-இல் வந்த விதி இருவருக்குமே உதவியது.

இரண்டையும் ஒரே நாளில் எடைபோட வாய்த்தது, சூப்பர் பவுலுக்குப் போகும் அணிகளை முடிவுசெய்த ஆட்டங்கள் நடந்த 1982 ஜனவரி 10. சான் பிரான்சிஸ்கோவில், பாஸை எதிர்பார்த்துப் பின்தங்கி நின்ற டாலஸ் அணிக்கு எதிராக வால்ஷ் பந்தைச் சுமந்து ஓடவிட்டார். 89 யார்டு கடந்த அந்தத் தொடர் நகர்வுகளின் முடிவில் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா எறிந்ததை ரிசீவர் டுவைட் கிளார்க் எட்டிப் பிடித்தார்; 28–27 என வெற்றி. அதே நாள் சின்சினாட்டியில் உறைநிலைக்கும் 23 டிகிரி கீழே, பலத்த காற்றில், கோரியலின் நெடும் பாஸ்கள் எடுபடவில்லை; 27–7 எனத் தோல்வி. கோரியல் கடைசிவரை சூப்பர் பவுலை எட்டவே இல்லை.

ஆனால் இதை வைத்து அவர் முறை தோற்றது என்பதை நான் ஏற்க மாட்டேன். சார்ஜர்ஸின் ஓட்டை தடுப்பாட்டத்தில் இருந்தது. சம்பளத் தகராறில் அவர்கள் 1981-இல் விட்டுக்கொடுத்த தடுப்பாட்டக்காரர் ஃபிரெட் டீன் போய்ச் சேர்ந்ததே வால்ஷின் அணியில்தான். கோரியலிடம் உதவியாளராக இருந்த ஜோ கிப்ஸ், வாஷிங்டனில் மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளை வைத்து மூன்று சூப்பர் பவுல் வென்றார்.

கைவலு குறைந்த குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அணியைத் தேற்ற வேண்டுமென்றால் வால்ஷின் வழிதான் பாதுகாப்பானது. 1979-இல் 14 ஆட்டங்களில் தோற்ற ஃபார்ட்டிநைனர்ஸ், இரண்டே ஆண்டுகளில் சாம்பியன் ஆனது அப்படித்தான். ஆட்டத்தையே விரித்தவர் யார் என்றால் என் வாக்கு கோரியலுக்கு. வால்ஷின் பயிற்சிப் பரம்பரையில் வந்த பயிற்சியாளர் ஆண்டி ரீட்கூட, கான்சஸ் சிட்டியில் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சியை வின்ஸ்லோ போலத்தான் நிறுத்தினார். வால்ஷுக்கு 1993-லேயே, சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 2010-இல் காலமான கோரியலுக்கோ 2023-இல்தான் கொடுத்தார்கள். இந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.