டின்ஐ, கூகுள் லென்ஸ், இன்விட்: பதின்வயதினர் கையில் எது எதற்கு உதவும்?

"வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள், ஒருமுறை அவர்களையே ஒரு படத்தின் பூர்வீகத்தைத் தேட வைத்துப் பாருங்கள். அறிவுரையைவிட அது நன்றாக மனதில் பதியும். அதற்கு உதவும் மூன்று கருவிகள் காசில்லாமலே கிடைக்கின்றன. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும், ஆனால் செய்வது வேறு வேறு.

முதலில் கொடுக்க வேண்டியது டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளம். கனடாவிலிருந்து 2008-இல் வந்த இந்தச் சேவைக்குப் படத்தில் இருப்பது நாயா நரியா என்று தெரியாது. கொடுத்த படத்தின் நகல்களை மட்டும் தேடும். ஓரம் வெட்டியிருந்தாலும், நிறம் மாற்றியிருந்தாலும், சிறிதாக்கியிருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். முடிவுகளைப் பழையது முதலில் வருமாறு அடுக்கும் வசதிதான் இதன் உயிர்நாடி. ஒரு படத்துக்கு முன்கதை உண்டு என்பது 13 வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு சொடுக்கில் புரிந்துவிடும்.

வெள்ளம் புகுந்த சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படம் பலருக்கு நினைவிருக்கும். 2017-இல் ஹார்வி புயலின்போது டெக்சாஸ் காட்சி என்று சுற்றிய அதே படம், 2011-இல் ஐரீன் புயலின்போது புவேர்ட்டோ ரிகோ என்ற பெயரில் வந்தது. சுறாவோ, தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சிறு படகைப் பின்தொடர்ந்த சுறாவின் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. பயிற்சிக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. முழுப் படத்தையும் தேடினால் பழைய பகிர்வுகளைப் பிடிக்கலாம். ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க, சுறாவை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகத் தேட வேண்டும். இந்த இரண்டாவது தேடலைத்தான் பிள்ளைகள் செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கும். டின்ஐ காட்டும் தேதி, படம் எடுத்த நாளல்ல. அதன் தேடுபொறி அந்தப் படத்தை முதன்முதலில் கண்ட நாள். சொல்லப்படும் சம்பவத்துக்கு முந்தைய தேதி வந்தால் அந்தக் கதை அங்கேயே உடைந்துவிடும். பிந்தைய தேதி வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று ஆகிவிடாது. டின்ஐ அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தேடுவதற்கு முன் படத்தைத் துப்புரவாக்குவது முக்கியம். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பேட்டரிக் குறி, பெயர், இமோஜி, மேலே எழுதிய வாசகம் எல்லாம் சேர்ந்திருக்கும். அப்படியே போட்டால் தேடல் தடுமாறும். படம் மட்டும் மிஞ்சும்படி நான்கு பக்கமும் வெட்டுங்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தால் இடவலம் திருப்பிவிட்டுத் தேடுங்கள்.

கூகுள் லென்ஸின் பலம் வேறு. கட்டடம், பெயர்ப்பலகை, சீருடை, மலை முகடு என்று படத்துக்குள் இருப்பதை அடையாளம் காட்டும். "இது எந்த ஊர்?" என்ற கேள்விக்கு இதைத்தான் நாட வேண்டும். ஆபத்தும் அதே இடத்தில்தான். ஒத்த சாயலுள்ள படங்களையும் கலந்து காட்டுவதால், முதலில் வந்ததைப் பார்த்துவிட்டு "கிடைத்துவிட்டது" என்று முடித்துக்கொள்வார்கள். ஜன்னல்களின் எண்ணிக்கை, நிழல் விழும் பக்கம், கம்பத்தின் இடம் ஆகிய மூன்றையாவது இரண்டு படங்களிலும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களிடம் இரண்டுமே திணறும். போப் பிரான்சிஸ் வெள்ளைப் பஃபர் கோட் (உப்பலான குளிர் அங்கி) அணிந்ததுபோல 2023 மார்ச்சில் பரவிய, மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய படத்துக்குப் பழைய மூலம் எங்கே இருக்கும்? தேடினால் அதே படத்தின் நகல்களே வரும். ஆனால் அதுவே ஒரு துப்பு. அவ்வளவு பேர் படமெடுக்கும் ஒருவரை வேறொரு கோணத்தில் ஒரு கேமராகூடப் பிடிக்கவில்லையே என்று கேட்கப் பழக்க வேண்டும்.

இன்விட்-விவெரிஃபை (InVID-WeVerify), ஐரோப்பிய ஒன்றிய நிதியில் உருவான உலாவி நீட்டிப்பு, அதாவது கணினி பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கருவி. வீடியோ இணைப்பைக் கொடுத்தால் முக்கியக் காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். அவற்றை அங்கிருந்தே பல தேடுபொறிகளுக்கு அனுப்பலாம். ரீல்ஸ் பார்க்கும் தலைமுறைக்கு இது மிகவும் தேவை. ஆனால் படத்தில் எடிட் செய்த இடங்களைத் தேட இதிலுள்ள தடயவியல் பகுதியைப் பிள்ளைகளிடம் தர வேண்டாம் என்றே சொல்வோம். வண்ண வண்ணமாக ஒளிரும் வரைபடத்தைப் பார்த்ததும் "இந்த இடம் எடிட் செய்தது" என்று தோன்றிவிடும். பலமுறை பகிர்ந்து சுருங்கிய படத்தில், கூர்மையான விளிம்பு இருக்கும் இடமெல்லாம் அப்படி ஒளிரலாம். எடுத்த நாள், கேமரா போன்ற படத்தின் உள்தகவலைப் படிக்கும் பகுதியும் வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்குப் பெரும்பாலும் பயன்படாது. வழக்கம்போலப் படமாக அனுப்பும்போதே அது கழன்றுவிடும்.

எங்கள் வரிசை: 13 வயதில் டின்ஐ, அது பழகியதும் லென்ஸ், 16-க்கு மேல் கணினியில் இன்விட். எந்த வயதிலும் நண்பர்களின் சொந்தப் படங்களை இவற்றில் ஏற்றக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.