ஏத்தன் (நேந்திரன்) சீப்பை எதில் முக்கலாம்: மருந்தா, வெந்நீரா, ஈஸ்ட்டா?

குலையிலிருந்து சீப்பை அறுத்த வெட்டுவாயில்தான் பூஞ்சை முதலில் குடியேறும். வெள்ளையாகப் படர்ந்து, கருத்து அழுகி, கடைசியில் காய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் இந்தத் தொல்லை அதிகம். நாங்கள் இப்போது ஈஸ்ட் கரைசலுக்கு மாறிவிட்டோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

கார்பன்டசிம் என்ற பூஞ்சைமருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஏத்தங்காய்த் தோலிலும் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைக்கிற ஊர் இது. தோலுக்குள் இறங்குகிற மருந்தில் முக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே மருந்தையே நம்பினால் நாளடைவில் பூஞ்சையும் அதற்குப் பழகிவிடும். வெந்நீரில் மருந்து இல்லை, சரி. ஆனால் ஏறக்குறைய 50 டிகிரியில் சூட்டை நிறுத்திவைக்க வேண்டும், கூடினால் தோல் வெந்துபோகும்.

ஈஸ்ட்டின் வழி வேறு. வெட்டுவாயில் கசியும் சாற்றில் இருக்கிற சர்க்கரையைத் தின்று பெருகி, இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை வித்து முளைக்கத் தீனி மிஞ்சாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி (பதநீர்) எவ்வளவு சீக்கிரம் கள்ளாகிறது? அதே வேகம்தான் இங்கேயும் நமக்கு வேண்டும்.

ஆகவே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. காலையில் அறுத்த சீப்பை உச்சிக்குள் முக்கிவிட வேண்டும். பூஞ்சை முளைத்து உள்ளே போய்விட்டால் ஈஸ்ட்டால் அதைத் துரத்த முடியாது. மறுநாள்தான் முக்க முடியும் என்றால் ஈஸ்ட் வாங்கவே வேண்டாம். இன்னொன்று, பழத்தில் கரும்புள்ளி விழவைக்கும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை தோட்டத்திலேயே பச்சைக்காயில் ஒட்டி, பழுக்கும்வரை தோலுக்குள் பதுங்கிக் கிடக்கும். அங்கே கார்பன்டசிம்தான் ஒரு படி மேல்.

நாங்கள் எடுப்பது பேக்கரிக்காரர்கள் வாங்கும் உலர் ஈஸ்ட். லிட்டருக்கு 10 கிராம் கரைத்தால் மில்லிக்குச் சுமார் 10 கோடி செல் வரும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதில் தூவினால், சற்று நேரத்தில் பழுப்பு நுரை பொங்கி மாவுப் புளிப்பு வாசம் வரும். நுரை வராத பாக்கெட் செத்த பாக்கெட். அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் கலந்துகொள்ளலாம், பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் ஆகாது. சீப்பின் கறை வடிந்த பிறகு, கழுவி முக்க வேண்டும்.

இதற்கென்றே தேர்ந்தெடுத்த ஈஸ்ட் வகைகளும் உண்டு. கேண்டிடா ஒலியோஃபிலா என்ற ஈஸ்ட்டை வைத்துச் செய்த ‘ஆஸ்பயர்’ என்ற தயாரிப்பு 1995-இல் அமெரிக்காவில் பதிவானது, பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. பேக்கரி ஈஸ்ட்டிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

இதெல்லாம் ஏத்தனை வைத்துச் சொல்வது. மட்டி வாழையில் அதிகம் செய்து பார்க்கவில்லை, அதன் தோல் மெல்லியது. வடசேரி, மார்த்தாண்டம் சந்தைக்குப் போகும் சரக்கென்றால் தயங்காமல் ஈஸ்ட் என்பேன். லாரியில் பல நாள் போகிற சரக்குக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், முதலில் நாலைந்து சீப்பைத் தனியாக வைத்துப் பாருங்கள்.