முதல் நாற்காலிக்கு ஏற்ற வயலின் தந்தி: டாமினன்ட்

ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஷெஹரசாதே என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசையின் ஒத்திகையில், சரியாகத் தனி வயலின் வரும் இடத்தில், என் ஏ தந்தி அறுந்தது. ஆட்டுக்குடலில் செய்த குடல் தந்தி. கம்பெனி பெயர் வேண்டாம். அறுந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தன் வயலினை நீட்டுவார். வாங்கி வாசித்துக்கொண்டே போக வேண்டும், அதுதான் ஆர்க்கெஸ்ட்ரா வழக்கம். 1986இல் அமெரிக்காவின் டாங்கில்வுட் கச்சேரியில் 14 வயது வயலின் கலைஞர் மிடோரிக்கு ஈ தந்தி இரண்டு முறை அறுந்தது. கான்சர்ட் மாஸ்டரின் (முதல் நாற்காலியில் உட்காரும் முதல் வயலின் தலைவர், என் வேலையும் அதுதான்) வயலின், அப்புறம் அவருக்கு அடுத்தவரின் வயலின் என்று மாற்றி மாற்றி வாங்கி வாசித்து முடித்தார். சரி, அவர் மிடோரி. எனக்கு இரவல் வயலினில் விரல் எல்லாம் மயிரிழை தள்ளியே விழுந்தது.

அன்றைக்கு மாறியதுதான் டாமினன்ட். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் 1970இல் கொண்டுவந்தது. குடலுக்குப் பதில் உள்ளே நைலான் வகை இழை, வெளியே உலோகச் சுற்று. ஈரக்காற்று பட்டால் குடல் தந்தியின் ஸ்ருதி நகர்ந்துவிடும். இது பெரும்பாலும் அசையாது. ஓபோ என்ற ஊதுகருவி கொடுக்கும் ஏ ஸ்வரத்தை வாங்கி மற்ற தந்தி வாத்தியங்களுக்குத் தருகிற ஆள் நான். நானே ஸ்ருதி விலகி உட்கார்ந்திருந்தால் பின்வரிசை என்ன செய்யும்? சிம்பனி நடுவில் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருக நேரமும் கிடையாது.

புதிதாகக் கட்டியதும் கொஞ்சம் உலோகச் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று நாள் வாசித்தால் தணிந்துவிடும். அதனால் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுவேன். ஈ தந்தியை மட்டும் வேறு கம்பெனியில் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய, நானும் அப்படித்தான்.

இதைவிட இனிமையான தந்திகள் உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவை மீறி ஒலிக்க வேண்டிய தனிக் கலைஞருக்கு அவை பொருந்தும். என் வேலையில் முக்கால்வாசி, முதல் வயலின் கூட்டத்தோடு கரைந்து போவதுதான். திடீரென்று நாலு வரி தனியாக வரும், உடனே மறுபடி கரைய வேண்டும். இரண்டுக்கும் டாமினன்ட் வளைந்து கொடுக்கிறது.

இசையமைப்பாளர் மாலரின் நான்காவது சிம்பனிதான் எனக்குப் பெரிய சோதனை. இரண்டாம் பகுதிக்கு கான்சர்ட் மாஸ்டர் இன்னொரு வயலின் வைத்திருக்க வேண்டும். அதில் நாலு தந்தியும் ஒரு முழு ஸ்வரம் மேலே: ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப். மரணம் பிடில் வாசிக்கிற மாதிரி கரகரப்பாக ஒலிக்க வேண்டும் என்று மாலர் கேட்டது இது. நாலு ஒத்திகை, இரண்டு கச்சேரி. அந்த இழுவிசையிலும் டாமினன்ட் தாங்கியது. தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) சாய்கிறதா என்றுதான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது அறுவதற்கு வெகுநாள் முன்பே ஒலி செத்துவிடும். அதுவும் மெதுவாக, நம் காதுக்கே தெரியாமல். வயலின் பெட்டி மூடியின் உள்பக்கம், தந்தி கட்டிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். கழற்றிய செட்டில் நல்லதாக ஒன்றை எறியாமல் வைத்துக்கொள்வேன். ஏற்கெனவே இழுபட்டது என்பதால், இடைவேளையில் அவசரமாகக் கட்டினாலும் ஸ்ருதி இறங்காது.