வியட்நாமில் ஒன்பது நாள்: ஒரு தொகுப்புச் சுற்றுலாவைப் பற்றி

சென்ற ஏப்ரல் மாதம் அம்மாவும் நானும் திருச்சியிலிருந்து வியட்நாமுக்கு ஒன்பது நாள் தொகுப்புச் சுற்றுலா சென்று வந்தோம். ஹனோய், ஹா லாங் விரிகுடா, ஹுவே, ஹோய் ஆன், மீ சன் கோயில்கள், கூ லாவ் சாம் தீவு, கடைசியாக ஹோ சி மின் நகரம் என்பது தடம். விமானக் கட்டணம், விசா, எட்டு இரவுத் தங்கல், உணவு, நுழைவுச்சீட்டுகள் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 98,000 ரூபாய் கட்டினோம். ஏறத்தாழ இதே தடத்தைப் பல நிறுவனங்கள் விற்கின்றன என்பதால், எங்களை அழைத்துச் சென்றவர்களின் பெயரைக் குறிப்பிடாமல் திட்டத்தின் அமைப்பைப் பற்றியே எழுதுகிறேன். தீவுகளுக்கு இத்திட்டம் தாராளமாக நேரம் ஒதுக்குகிறது. பழைய நகரங்களையோ ஓட்டமாக ஓடிப் பார்க்க வைக்கிறது. வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு மாற்றங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அவை எவை என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஏற்பாடுகளில் பெரும்பாலும் குறையில்லை. திருச்சிக்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையே 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கிய பிறகு, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி ஏறும் அலைச்சல் இல்லை. அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு விமான நிலையத்திலும் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. தங்குமிடங்களில் கீழ்த்தள அறை வேண்டும் என்று ஒரே ஒருமுறைதான் சொன்னோம். எல்லா ஊர்களிலும் அது நினைவில் வைத்துச் செய்யப்பட்டது. வயதானவர்களோடு செல்பவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பது செல்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஹனோய்க்கு இரண்டு இரவுகள் போதுமானவை. 1010இல் லீ வம்சத்து அரசர் தலைநகரை இங்கே மாற்றி தாங் லாங் என்று பெயரிட்டதிலிருந்து தொடங்குகிறது இந்நகரின் கதை. இங்கு அவசியம் பார்க்க வேண்டியது 1070இல் எழுப்பப்பட்ட இலக்கியக் கோயில். 1442 முதல் 1779 வரை அரசுத் தேர்வுகளில் தேறிய அறிஞர்களின் பெயரையும் ஊரையும் பொறித்த 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆமையின் முதுகில் நிற்கின்றன. தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் தொட்டுத் தொட்டு வணங்கியதில் அந்த ஆமைகளின் தலைகள் வழவழப்பாகிவிட்டன. இப்போது வேலி போட்டுக் காக்கிறார்கள். படித்துத் தேறியவனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஒரு நாட்டின் மீது அங்கே தானாகவே மரியாதை பிறக்கிறது.

ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு கப்பலில் தங்கினோம். சுண்ணாம்புக் கல்லால் ஆன 1,600க்கும் மேற்பட்ட தீவுகளும் குன்றுகளும் நீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் இந்த இடம் 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. காலை ஐந்தரை மணிக்கு மேல்தளத்தில் நின்றபோது முன்னால் கரும்பச்சைக் குன்றுகள், அவற்றின் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் மூடுபனியோடு கலந்து இன்னொரு வரிசை என்று கடல் அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. அலையே இல்லை. டீ டாப் தீவின் உச்சிக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும் என்பதால் அம்மா கீழேயே மணலில் அமர்ந்துகொண்டார். கப்பல் அறைகள் சுத்தமாக இருந்தன. ஊழியர்கள் பணிவோடு நடந்துகொண்டார்கள். செலவழித்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்த பகுதி இதுவே.

குறை ஹுவேயில் தொடங்கியது. கப்பலிலிருந்து இறங்கி ஹனோய் விமான நிலையம் செல்லும் வழியில் முத்துக் கடையொன்றில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்கள். இரவு வெகுநேரம் கழித்தே ஹுவே சேர்ந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் அரண்மனையையும் தியென் மூ பௌத்தக் கோயிலையும் பார்த்து முடிக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் பதின்மூன்று பேர் ஆண்ட தலைநகரம் இது. மதிலின் சுற்றளவு மட்டும் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். கடைசி அரசர் பாவ் தாய் 1945 ஆகஸ்ட் 30ஆம் தேதி முடிதுறந்த தெற்கு வாயிலின் கீழ் நின்று ஒரு படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது. 1830களில் வார்க்கப்பட்ட ஒன்பது வெண்கலக் கொப்பரைகளில் அந்நாட்டின் மலைகளும் ஆறுகளும் மரங்களும் பறவைகளும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. ஒரு நாட்டின் நிலப்படத்தையே வெண்கலத்தில் செதுக்கி வைத்தது போன்ற அவற்றை, மூன்றாவது கொப்பரையைத் தாண்டி நான் பார்க்க முடியவில்லை. அரசர்களின் கல்லறைகள் திட்டத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு, ஹோய் ஆன் செல்லும் வழிக்கு அச்சிட்டுக் கொடுத்த திட்டத்தில் ‘ஹாய் வான் மலைப்பாதை வழியே கடற்காட்சி’ என்றிருக்க, பேருந்து 2005இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாகச் சென்றது. கேட்டதற்கு, பெரிய பேருந்து என்பதால் அப்படித்தான் என்றார்கள். அப்படியானால் அதை அச்சிட்டிருக்கக் கூடாது. ஆகவே, ஹுவேயில் இரண்டு இரவுகள் வேண்டும் என்பது கேட்டு வாங்க வேண்டிய முதல் மாற்றம்.

ஹோய் ஆனில் மூன்று இரவுகள். மஞ்சள் பூசிய சுவர்களும் பட்டு விளக்குகளுமாகப் படங்களில் பார்த்த ஊர்தான். ஆனால் மாலை நேரக் கூட்டத்தில் அதன் அழகு பாதிதான் தெரியும். காலை ஏழு மணிக்குச் செல்லுங்கள். 2024இல் செப்பனிட்டுத் திறந்த ஜப்பானியப் பாலத்தில் அப்போது நின்று பார்க்க இடம் இருக்கும். 1,20,000 டாங் (வியட்நாம் நாணயம்) நுழைவுச்சீட்டில் பழைய வணிகர் வீடுகள் சிலவற்றை நாமே தேர்ந்து பார்க்கலாம். அவற்றில் ஒன்றான ‘தான் கீ’ வீட்டின் சுவரில் து போன் ஆற்று வெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் குறி என் தலைக்கு மேலே இருந்தது. இன்றும் அந்தக் குடும்பத்தினர் அதே வீட்டில் வாழ்கிறார்கள்.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது மீ சன். நான்காம் நூற்றாண்டில், சாம் மக்களின் நாடான சாம்பாவை ஆண்ட பத்ரவர்மன் என்ற அரசன் இங்கே சிவனுக்குக் கோயில் எடுத்து, தன் பெயரையும் சேர்த்து பத்ரேசுவரர் என்று அழைத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை பின்வந்தவர்களும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பல்லவர் பெயர்களைப் போலவே முடியும் அந்த ‘வர்மன்’ நம் காதுக்குப் புதிதல்ல. செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்கே தெரிவதில்லை. கட்டி முடித்த சுவரின் மேலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 1969இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் இவற்றுள் உயர்ந்து நின்ற கோயில் தரைமட்டமாயிற்று. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் 2022 வரை இங்கே மூன்று கோயில் தொகுதிகளைச் செப்பனிட்டது. அந்தப் பணியின்போதுதான் 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. கூரையில்லாத ஒரு கருவறையில் ஆவுடையார் மட்டும் இருந்தது. முந்தைய நாள் மழைநீர் அதன் நடுக்குழியில் தேங்கி நிற்க, அதில் ஒரு காய்ந்த இலை மிதந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் கைகூப்பி நின்றார். ‘அபிஷேகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அந்தக் கோயில்களில் சிற்பங்கள் மிகக் குறைவு. பல டா நாங் நகரின் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ளன. 1919இல் திறக்கப்பட்ட அது எங்கள் திட்டத்தில் இல்லை. விமான நிலையத்துக்குச் செல்லும் நாளில் நான் கெஞ்சிக் கேட்டு, அம்மாவும் நானும் மட்டும் வாடகைக் காரில் முன்னதாகவே கிளம்பிச் சென்று பார்த்தோம். மீ சன்னிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்க, உந்தித் தாமரையில் நான்முகன் அமர்ந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்காரரான அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீ சன்னில் வெறும் பீடங்களாகப் பார்த்தவற்றின் மீது என்னென்ன இருந்தன என்பது இங்கேதான் புரிந்தது. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மீ சன் செல்லும்படி நாளை மாற்றியமைக்கச் சொல்லுங்கள்; இது இரண்டாவது மாற்றம்.

கூ லாவ் சாம் தீவுக்கு முழு நாள். கரையிலிருந்து விசைப்படகில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். 2009 முதல் உயிர்க்கோளக் காப்பகமான இந்தத் தீவுக்குள் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுசெல்லக் கூடாது. அம்மா புளியோதரையைச் சுற்றி வைத்திருந்த பையைப் படகுத்துறையில் ஓர் இளம்பெண் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, துணிப்பை ஒன்றைக் கொடுத்தார். பவளப்பாறை பார்க்க நீரில் இறங்குபவர்களுக்கு உயிர்காப்பு அங்கி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். 1758இல் கட்டிய ஹாய் தாங் கோயிலையும் சாம் மக்களின் பழைய கிணற்றையும் தவிர மற்ற நேரமெல்லாம் கடற்கரைதான். இந்தத் தீவின் அருகே பதினைந்தாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலிலிருந்து 1990களின் இறுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் பொருள்கள் எடுக்கப்பட்டன என்பதை வழிகாட்டி சொல்லவே இல்லை.

சைவ உணவுக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை. ‘சாய்’ என்றால் அங்கே சைவம். அந்தச் சொல் எழுதிய கடைகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாற்றைச் சேர்ப்பார்கள் என்பதால் ‘தோய் ஆன் சாய்’, அதாவது நான் சைவம் உண்பவன் என்று சொல்லிவிடுவது நல்லது. இரவு உணவுக்கு நிறுவனம் அழைத்துச் சென்ற இந்திய உணவகங்களைவிட, ஹோய் ஆனில் நாங்களாகவே கண்டுபிடித்த ஒரு சாய் கடையின் ‘காவ் லாவ்’ என்ற நூடுல்ஸ் பல மடங்கு சுவையாக இருந்தது.

மாதத்தையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகும், கடல் கொந்தளிப்பால் சாம் தீவுக்குப் பல நாள் படகு இருக்காது. ஆனாலும் அதே திட்டத்தை அந்த மாதங்களிலும் விற்கிறார்கள். மார்ச் அல்லது ஏப்ரலில் சென்றால் ஹா லாங்கிலும் சாம் தீவிலும் கடல் அமைதியாக இருக்கும்.