பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சா, மருந்து மட்டும் போதுமா?

அம்மாவுக்கு ஏன்கா வாஸ்குலைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும் நோய்) என்று பயாப்ஸியில் உறுதியானபோது, சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.8. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாபும் ஸ்டீராய்டும் எப்படியும் உண்டு. கூடவே பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சும் செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். பேசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றோம்.

எக்ஸ்சேஞ்சின் பலம் வேகம். ரத்தக்குழாயைத் தாக்கும் ஆன்டிபாடி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. அந்தப் பிளாஸ்மாவை மெஷினில் எடுத்துவிட்டு அல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுகிறார்கள். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். செலவு, கழுத்தில் கதீட்டர் எல்லாம் தெரிந்த சங்கதிதான். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மெஷின் ஓடும்போதே உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. நர்ஸ் கால்சியம் போட்டதும் அடங்கிவிடும்.

எங்களை யோசிக்க வைத்தது தொற்று. எக்ஸ்சேஞ்ச் கெட்ட ஆன்டிபாடியை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, கிருமியை எதிர்ப்பதும் சேர்ந்தே போகிறது. அம்மாவுக்கோ சர்க்கரை வேறு. 704 பேரிடம் நடந்த பெக்சிவாஸ் ஆய்வின் முடிவு 2020இல் வந்தது: மரணம் அல்லது நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பு, எக்ஸ்சேஞ்ச் செய்தவர்களில் 28.4 சதவீதம், செய்யாதவர்களில் 31. உறுதியாக நம்பும்படியான வித்தியாசம் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் பெரிய லாபம் வேறு: ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தாலும் பலன் குறையவில்லை, முதல் வருடத்தில் கடுமையான தொற்றும் குறைந்தது. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததும் அதே கணக்குதான்: முதல் வாரம் 60 மி.கி., இரண்டாம் வாரமே 30. சர்க்கரை முதல் வாரம் எகிறியது, டோஸ் இறங்க இறங்க அதுவும் இறங்கியது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரிட்டுக்சிமாப் போட்ட கையோடு எக்ஸ்சேஞ்ச் செய்தால் மருந்தும் வெளியே போய்விடும். இரண்டு நாளாவது இடைவெளி விட வேண்டும்.

அம்மாவின் கிரியாட்டினின் இப்போது 1.6. எக்ஸ்சேஞ்ச் செய்திருந்தால் இன்னும் இறங்கியிருக்குமோ என்னவோ, ஒருவரை வைத்து அதைச் சொல்ல முடியாது. கிரியாட்டினின் 5.7க்கு மேல் போனவர்களுக்குக் கணக்கே வேறு. 2007இல் வந்த மெபெக்ஸ் ஆய்வில் எக்ஸ்சேஞ்ச் செய்தவர்களில் 69 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார்கள். அதற்குப் பதிலாக ஊசிவழி ஸ்டீராய்டு போட்டவர்களில் 49 சதவீதம்தான். நுரையீரலில் ரத்தக்கசிவு இருந்தால் எங்கள் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அம்மாவுக்கு அது இல்லை. ஆன்டி-ஜிபிஎம் (சிறுநீரகம், நுரையீரலின் சவ்வைத் தாக்கும் இன்னொரு ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்றால் பேச்சே இல்லை, எக்ஸ்சேஞ்ச்தான். அந்த ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் டாக்டர் எங்களிடம் இந்தக் கேள்வியையே கேட்டார்.